பழைய தோல் ஆலை நிலத்தில் அடுக்குமாடி: மண்ணைச் சோதிக்க யாரைப் பிடிப்பது?

மூன்றாம்தளம் | நவம்பர் 3, இரவு 10:12

எல்லோருக்கும் வணக்கம். குரோம்பேட்டைப் பக்கம் அப்பா காலத்திலிருந்து சிறிய அளவில் வீடு கட்டி விற்கிறோம். எட்டு வீடு, பன்னிரண்டு வீடு, அதற்கு மேல் போனதில்லை. இப்போது நாகல்கேணியில் ஒன்றரை ஏக்கர் வந்திருக்கிறது. ஒரு காலத்தில் தோல் பதனிடும் ஆலை, மூடிப் பல வருடம் ஆகிறது. ஷெட்டையெல்லாம் இடித்து, சவுடு மண் கொட்டி, மட்டம் பண்ணி வைத்திருக்கிறார்கள். பார்க்க கிரிக்கெட் மைதானம் மாதிரி இருக்கிறது. விலை அக்கம்பக்கத்தைவிட நன்றாகவே குறைவு. ஏன் என்று தரகரைக் கேட்டால், "பாகப்பிரிவினை சார், சீக்கிரம் முடிக்கப் பார்க்கிறாங்க" என்கிறார்.

வில்லங்கம் போட்டாயிற்று, சுத்தம். பட்டா சரி. அட்வான்ஸ் கொடுக்கப் போகும்போதுதான் என் மைத்துனர், "மாமா, கீழே என்ன இருக்குன்னு பார்த்தீங்களா?" என்று கேட்டார். அதிலிருந்து தூக்கம் போயிற்று.

மூன்று பேரிடம் விலை கேட்டேன். முதலாவது ஒரு ஆய்வகம்: பத்து மண் மாதிரி, இரண்டு தண்ணீர் மாதிரி, பத்தே நாளில் ரிப்போர்ட். இரண்டாவது இரண்டு பேர் சேர்ந்து நடத்தும் சிறிய கன்சல்டன்சி. இவர்கள் முதலில் நிலத்தின் பழைய கதையை விசாரிக்க மட்டும் விலை சொல்கிறார்கள். எத்தனை இடத்தில் துளை போட வேண்டும் என்பதை அதற்கப்புறம்தான் சொல்வோம் என்கிறார்கள். மூன்றாவது பெயர்பெற்ற பன்னாட்டு நிறுவனம். முதல் ஆள் கேட்டதைப் போலப் பதினோரு மடங்கு.

என் கணக்கில் இது 12,000 சதுர மீட்டர் கட்டடம். 20,000 தாண்டினால்தான் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும், எனவே அந்த வழியில் யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. நானேதான் கேட்டுக்கொள்கிறேன். யாரைப் பிடிப்பது?

செங்கல்மேஸ்திரி | நவம்பர் 3, இரவு 10:40

தம்பி, நாங்கள் எல்லா இடத்திலும் சாயில் டெஸ்ட் எடுத்துத்தான் கட்டுகிறோம். ஐந்து போர் போட்டு, பாரம் தாங்குமா என்று பார்த்தால் முடிந்தது. இதற்குத் தனியாகக் கன்சல்டன்ட் எதற்கு? குரோம்பேட்டைக்குப் பெயரே குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. இப்படிப் பார்த்தால் இங்கே ஒரு வீடும் நின்றிருக்காது.

மண்ணும்நீரும் | நவம்பர் 3, இரவு 11:55

மேஸ்திரி அண்ணன் சொல்லும் சாயில் டெஸ்ட் வேறு, இது வேறு. அதில் சுத்தியல் எத்தனை அடியில் இறங்குகிறது என்று எண்ணுவார்கள். மண் கட்டடத்தைத் தாங்குமா என்பதற்கு அது விடை சொல்லும். மண்ணில் என்ன கலந்திருக்கிறது என்பதை அது சொல்லாது. இன்னொன்றும் உண்டு: அந்தப் போரில் தண்ணீரும் பென்டோனைட் என்ற களிமண் கரைசலும் ஊற்றி ஊற்றித் துளைப்பார்கள். அந்த மண்ணை எடுத்து ரசாயனம் பார்த்தால் கழுவிவிட்ட மண்ணைப் பார்த்த கதைதான். இரண்டு வேலையையும் ஒரே ரிக்கில் முடித்துக் காசு மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

மூன்றாம்தளம் சார், இந்தத் துறையில் எனக்குப் பதினெட்டு வருடம். என் கருத்து: இரண்டாவது ஆள். நிலத்தைப் பார்ப்பதற்கு முன்பே "பத்து மாதிரி" என்று எண்ணிக்கை சொல்பவர் எங்கே தோண்டுவது என்று யோசிக்கவே இல்லை. டாக்டர் நாடி பிடிக்காமலே ஸ்கேன் எழுதிக் கொடுத்தால் என்ன நினைப்பீர்கள்?

உலகம் முழுவதும் இந்த வேலை இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் மண்வெட்டியே எடுக்க மாட்டார்கள். பழைய செயற்கைக்கோள் படம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் அந்த ஆலைக்குக் கொடுத்த அனுமதிக் கோப்பு, பழைய கட்டட வரைபடம், அங்கே வேலை பார்த்தவர்கள். எந்த மூலையில் எந்த வேலை நடந்தது, எந்த வருடம் எந்த மருந்து, கழிவு எங்கே போனது என்று தேடுவார்கள். இரண்டாம் கட்டத்தில்தான் துளை. முதல் கட்டம் ஒழுங்காக நடந்தால் ஆறு துளை போதும். நடக்காவிட்டால் அறுபது போட்டாலும் குறி தப்பும்.

தோல் ஆலை என்றவுடன் எல்லோரும் குரோமியம் என்று மட்டும் சொல்வார்கள். அதிலேயே இரண்டு வகை. பதனிட்ட தோலில் இருப்பது மூன்று இணைதிறன் வகை, ஒப்பீட்டில் சாது. ஹெக்ஸாவேலன்ட் என்னும் ஆறு இணைதிறன் வகைதான் புற்றுநோய்க்கும் நிலத்தடி நீருக்கும் வில்லன். தண்ணீரில் கரைந்து ஓடிக்கொண்டே இருக்கும். மொத்தக் குரோமியம் எவ்வளவு என்ற ஒரே எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கனடா நாட்டு வழிகாட்டியில் குடியிருப்பு நிலத்துக்கு மொத்தக் குரோமியம் கிலோவுக்கு 64 மி.கி. வரை; ஹெக்ஸாவேலன்ட் 0.4 மட்டுமே. அவ்வளவு வித்தியாசம். கையில் பிடித்து எக்ஸ்-கதிர் சுட்டு அளக்கும் எக்ஸ்.ஆர்.எஃப். கருவிக்கு இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதை வைத்துக்கொண்டு ஒரு சுற்று நடந்துவிட்டு ரிப்போர்ட் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

அப்புறம் ஆர்சனிக். பழைய காலத்தில் முடி நீக்கச் சுண்ணாம்போடு மனோசிலை என்ற ஆர்சனிக் தாதுவைச் சேர்த்தார்கள். தோல் பூஞ்சை பிடிக்காமலிருக்க பென்டாகுளோரோஃபீனால். ஃபினிஷிங் பிரிவு இருந்திருந்தால் டொலுயின் மாதிரியான கரைப்பான்கள். உப்பு எப்படியும் உண்டு, அது உங்கள் கம்பியை அரிக்கும். எதைத் தேட வேண்டும் என்பதே ஆலையின் கதையிலிருந்துதான் வர வேண்டும்.

ஆய்வகத்து_ஆசாமி | நவம்பர் 4, காலை 7:20

ஆய்வகத்திலேயே காலம் கழித்து ஓய்வு பெற்றவன். முதல் ஆளின் விலை ஏன் குறைவு என்று நான் சொல்கிறேன்.

பத்து மாதிரி என்பார்கள். அவற்றை ஐந்தைந்தாகக் கலந்து இரண்டாக ஆக்கிச் சோதிப்பார்கள். "காம்போசிட்" என்று பெயர். ஐந்து இடத்தில் ஒரு இடத்தில் 400, மற்ற நாலில் 20 என்று வையுங்கள். கலந்தால் 96. நானூறு காணாமல் போய்விட்டது. அந்த நானூறின் மேல் நீங்கள் குழந்தைகள் விளையாட மணல் கொட்டுவீர்கள்.

அடுத்தது "பி.டி.எல்." ரிப்போர்ட்டில் இந்த மூன்றெழுத்தைப் பார்த்தால் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அளவிடும் எல்லைக்குக் கீழே என்று அர்த்தம். எல்லை எவ்வளவு என்று பக்கத்திலேயே எழுதியிருக்கிறதா பாருங்கள். வரம்பு 0.4, கருவிக்குத் தெரிவதோ 5க்கு மேல் என்றால், அந்த பி.டி.எல்.லுக்கு "எனக்குக் கண் தெரியவில்லை" என்றுதான் பொருள்.

ஆய்வகங்களுக்கான தேசிய வாரியம் தரும் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உண்டா என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். எந்தச் சோதனைக்கு என்று கேளுங்கள். அங்கீகாரம் ஆய்வகத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை, ஒவ்வொரு பொருளுக்கும் முறைக்கும் தனித்தனி. சிமென்ட்டுக்கு வாங்கிய முத்திரையை மண் ரிப்போர்ட்டின் தலையில் போட்டுக் கொடுத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தண்ணீரில் ஹெக்ஸாவேலன்ட் பார்க்க வேண்டுமென்றால், பதப்படுத்தாத மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சோதித்தாக வேண்டும். பையன் வெள்ளிக்கிழமை மாலை எடுத்து, பைக் டிக்கியில் போட்டு, திங்கட்கிழமை ஆய்வகத்தில் கொடுத்தால் அது வெறும் தண்ணீர். எடுத்த நேரம், கொடுத்த நேரம், வாங்கியவர் கையெழுத்து, இந்தச் சீட்டு இல்லாத ரிப்போர்ட்டை நான் கையில்கூடத் தொட மாட்டேன்.

செங்கல்மேஸ்திரி | நவம்பர் 4, காலை 8:02

சரி, சாயில் டெஸ்ட் வேறு என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இவ்வளவும் பார்த்துவிட்டு "மோசம்" என்று வந்தால் செலவு யார் தலையில்? வாங்காத நிலத்துக்கு வைத்தியம் பார்த்த கதையாகும்.

தீர்ப்பாயவாசி | நவம்பர் 4, பிற்பகல் 1:15

வக்கீல் என்ற முறையில் இதற்கு மட்டும் பதில். வாங்காத நிலத்துக்குச் செலவழித்தால் அந்தக் காசோடு போயிற்று. வாங்கிய பிறகு தெரிந்தால் நிலத்தோடு போகும்.

2025 ஜூலையில் மாசடைந்த இடங்களுக்கென்றே மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்தது தெரியுமா? சந்தேகப்படும் இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தெரிவிக்க வேண்டும். 90 நாளில் முதற்கட்ட ஆய்வு, அதில் தேறாவிட்டால் இன்னும் மூன்று மாதத்தில் விரிவான ஆய்வு. அதன்பின் சுத்தம் செய்யும் திட்டம், யார் பொறுப்பு என்ற கேள்வி. கெடுத்தவரே செலவைச் சுமக்க வேண்டும் என்பதுதான் கொள்கை. 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தோல் ஆலைகளை வைத்தே அதைச் சொன்னது. ஆனால் கெடுத்த நிறுவனம் கலைந்து, பங்காளிகள் ஆளுக்கொரு நாட்டில் இருக்கும்போது நிலம் உங்கள் பெயரில் இருக்கும். முன்பதிவு செய்த முப்பது குடும்பம் உங்கள் வாசலில்தான் நிற்கும்.

விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு சொல்கிறது. 1882லிருந்து இருக்கிறது. அதை நம்பி நீதிமன்றம் போவதைவிட, அட்வான்ஸ் ஒப்பந்தத்திலேயே ஒரு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள்: ஆய்வுக்கு இத்தனை நாள், உள்ளே நுழைந்து துளையிட அனுமதி, முடிவு பிடிக்காவிட்டால் அட்வான்ஸ் முழுதும் திரும்ப. இதற்கு விற்பவர் என்ன முகம் காட்டுகிறார் என்பதே உங்களுக்கு முதல் ரிப்போர்ட்.

கன்சல்டன்ட் அறிக்கை உங்கள் நிறுவனத்தின் பெயருக்கு எழுதப்பட்டிருக்க வேண்டும். விற்பவர் காசு கொடுத்து வாங்கிய அறிக்கையின் நகலை நம்பி நஷ்டமானால், கன்சல்டன்ட் "உங்களை எனக்குத் தெரியாதே" என்பார்.

சிட்னிவாசி | நவம்பர் 4, மாலை 4:48

நான் பம்மல்காரன், இப்போது சிட்னியில் இதே வேலை. இங்கே பழைய பெட்ரோல் பங்க், சாயப்பட்டறை நிலங்களில்தான் புது அடுக்குமாடிகள் வருகின்றன. ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கன்சல்டன்ட்டுக்குக் காசு கொடுப்பவர் டெவலப்பர்தான். அந்த இழுப்பு எந்த ஊரிலும் இருக்கும். அதனால் சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1997ஆம் வருடச் சட்டப்படி "சைட் ஆடிட்டர்" என்று இன்னொருவர் உண்டு. அரசு அங்கீகரித்த ஆள், கன்சல்டன்ட்டோடு எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. அவர் துளை போட மாட்டார். கன்சல்டன்ட் எழுதியதை வரி வரியாகக் கிழித்து, "இந்த மூலையில் ஏன் பார்க்கவில்லை?" என்று கேட்பார். என் அறிக்கை ஒன்று நாலு முறை திரும்பி வந்திருக்கிறது. நாலாவது முறை அழுகையே வந்தது, ஆனால் அவர் கேட்டது சரி.

நம் ஊரில் அப்படி ஒரு பதவியை நான் பார்த்ததில்லை. நாபெட் அங்கீகாரம் என்று காட்டுவார்கள். அது சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை எழுதுவதற்கானது, வேறு வேலை. எனவே ஒரு சின்னத் தொகையை ஒதுக்கி, அறிக்கையை வேறொரு ஆளிடம் படிக்கக் கொடுங்கள். பேராசிரியரோ, ஓய்வுபெற்ற பொறியாளரோ, யாரானாலும் சரி. இரண்டாவது ஆள் படிக்கப் போகிறார் என்று முதல் ஆளுக்கு முன்கூட்டியே தெரிந்தால் பாதி வேலை தானாக நடக்கும்.

மண்ணும்நீரும் | நவம்பர் 4, இரவு 9:30

சிட்னிக்காரர் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். எந்த வரம்பு என்பதையும் முதலிலேயே கேளுங்கள். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடியது. மண்ணில் பாதரசம் எவ்வளவு வரை இருக்கலாம் என்ற ஒரே எண்ணுக்காக வருடக்கணக்கில் சண்டை. கடைசியில் கிலோவுக்கு 20 மி.கி. என்று ஆனது, சோலைக்காட்டுக்கு மேலே இருக்கும் இடத்துக்கு அது போதாது என்று இயக்கத்தினர் கடைசி வரை சொன்னார்கள். "சுத்தம்" என்ற சொல்லுக்கு யார் கையில் அளவுகோல் இருக்கிறதோ அவர் சொன்னதே அர்த்தம். உங்கள் கன்சல்டன்ட் குடியிருப்புக்கான வரம்பை எடுக்கிறாரா, தொழிற்சாலைக்கானதை எடுக்கிறாரா என்று பாருங்கள். சிலர் டி.சி.எல்.பி. சோதனை செய்து "பாஸ்" என்று கொடுப்பார்கள். தோண்டிய கழிவை எந்தக் குழியில் கொட்டலாம் என்று பார்ப்பதற்கான சோதனை அது. அந்த மண்ணின் மேல் குடியிருக்கலாமா என்பதை அது சொல்லாது.

நாகல்கேணிப்பையன் | நவம்பர் 5, இரவு 12:20

இவ்வளவு பேர் எங்கள் ஊரைப் பற்றிப் பேசுவதைப் பார்த்து எழுதுகிறேன். எங்கள் தெருவில் நான் சின்னப் பையனாக இருந்தபோதே போர்த் தண்ணீரை யாரும் வாயில் வைப்பதில்லை. லாரித் தண்ணீர்தான். வெள்ளை வேட்டியை அதில் துவைத்தால் அப்பா திட்டுவார்.

அப்பா முப்பது வருடம் டேனரியில் வேலை. மூன்றாம்தளம் அண்ணா சொல்லும் இடம் எது என்று ஊகிக்க முடிகிறது. பெயர் வேண்டாம். அது நான் நினைக்கும் இடமானால் அப்பா அங்கேயும் இருந்திருக்கிறார். தனிச் செய்தி அனுப்புங்கள், கூட்டி வருகிறேன். அவருக்கும் பொழுது போகும்.

மூன்றாம்தளம் | நவம்பர் 29, இரவு 9:05

தாமதத்துக்கு மன்னிக்கவும். மழை, அதோடு நிறைய ஓட்டம்.

இரண்டாவது ஆளைத்தான் பிடித்தேன். ஒப்பந்தத்தில் வக்கீல் சார் சொன்ன பத்தியைச் சேர்க்கச் சொன்னபோது விற்பவர் தரப்பில் ஒரு வாரம் பதிலே இல்லை. பிறகு ஒரு ரிப்போர்ட்டை நீட்டினார்கள். "நாங்களே சோதித்துவிட்டோம், எல்லாம் பி.டி.எல்., இன்னும் என்ன?" என்றார்கள். கன்சல்டன்ட் அதை இரண்டு நிமிடம் புரட்டிவிட்டுச் சிரித்தார். பத்து மாதிரியும் மேலே ஒரு அடிக்குள் எடுத்தவை. அது கொட்டிய சவுடு மண். "எந்த ஏரியில் அள்ளினார்களோ அந்த ஏரிக்கு நற்சான்றிதழ் வாங்கியிருக்கிறார்கள்" என்றார்.

அப்புறம் பையனின் அப்பா வந்தார். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். எழுபது வயதுக்கு மேல். செருப்பைக் கழற்றி வாசலிலேயே விட்டார், "இங்கே அப்படித்தான் பழக்கம்" என்று. மைதானம் மாதிரி இருந்த இடத்தின் நடுவில் நின்றுகொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அடையாளம் எதுவும் இல்லையே. பிறகு மதில் ஓரத்து வேப்பமரத்தைப் பார்த்தார். அதிலிருந்து எண்ணி நடந்தார். "இது சுண்ணாம்புக் குழி வரிசை. இது டிரம் ஓடின இடம். இங்கே ஆபீஸ்." கன்சல்டன்ட் பெண் ஒவ்வொன்றுக்கும் ஒரு கொடி நட்டுக்கொண்டே போனார்.

வடக்கு மதில் அருகே நின்று, "இங்கேதான் வெல்லம்" என்றார் பெரியவர். எங்களுக்குப் புரியவில்லை. அந்தக் காலத்தில் குரோம் மருந்தைத் தயாராக வாங்க மாட்டார்களாம். பைக்ரோமேட்டை மூட்டையாக வாங்கி, அமிலம் ஊற்றி, வெல்லப்பாகு சேர்த்து இங்கேயே காய்ச்சுவார்களாம். ஆரஞ்சு நிறம் பச்சையாக மாறியதும் பதம். வெல்லத்தை எறும்பு மொய்க்காமல் பார்ப்பது சின்னப் பையன்களின் வேலை. "நாங்களும் ஒரு கட்டி வாயில போட்டுப்போம்" என்றார். கன்சல்டன்ட் கொடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

கிளம்பும்போது பெரியவர் ஒரு வார்த்தை கேட்டார்: "கிணத்தை மூடிட்டாங்களா?" எந்தக் கிணறு என்றோம். ஆலை வருவதற்கு முன்பிருந்த பாசனக் கிணறு. தண்ணீர் கெட்டபிறகு சதைக் கழிவையும் சேற்றையும் அதில் தள்ளினார்களாம். இப்போது அது சவுடுக்குக் கீழே, நான் கிளப் ஹவுஸ் வரைந்திருந்த இடத்தில்.

செங்கல்மேஸ்திரி | நவம்பர் 29, இரவு 9:31

வெல்லக்கட்டி விஷயம் மனதைப் பிசைகிறது தம்பி. பெரியவர் நலமாக இருக்கிறாரா?

நாகல்கேணிப்பையன் | நவம்பர் 29, இரவு 9:44

மூச்சுக்கோளாறு உண்டு. மற்றபடி நலம். வீட்டுக்கு வந்து வேப்பமரம் இன்னும் இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னார்.

மண்ணும்நீரும் | நவம்பர் 30, காலை 6:50

அந்தக் காய்ச்சும் ஷெட்தான் உங்கள் முதல் துளை. வெல்லம் சேர்ப்பதற்கு முன்னால் கொட்டியது, சிந்தியது எல்லாம் ஹெக்ஸாவேலன்ட். மூட்டை வைத்த அறையின் தரையிலிருந்து வருடக்கணக்கில் கீழே இறங்கியிருக்கும். கழிவுநீர் ஓடிய பக்கத்தைவிட இந்த அறை மோசமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

துளை போடும்போது நீங்களும் நில்லுங்கள். தண்ணீர் ஊற்றாமல், கையால் சுழற்றும் ஆகர் என்ற துளைக்கருவியிலோ உலர்முறையிலோ இறங்க வேண்டும். மேல் அடுக்கில் கெட்ட மண் இருந்தால் உறைக்குழாய் இறக்காமல் கீழே போகக் கூடாது; போனால் நல்ல நீருக்கும் நீங்களே வழி போட்டுக் கொடுத்ததாகும். உங்கள் பக்கம் கீழே சார்னோகைட் பாறை. பாறைக்கு மேல் மக்கிய அடுக்கும் வெடிப்புகளும்தான் நீர் ஓடும் வழி, அது நேர்கோட்டில் ஓடாது. குறைந்தது மூன்று கண்காணிப்புக் கிணறு, மூன்றின் வாய்மட்டமும் அளந்திருக்க வேண்டும். மூன்று இருந்தால்தான் நீர் எந்தப் பக்கம் போகிறது என்றே தெரியும். இந்தப் பாறையிலும் இயற்கையாகக் கொஞ்சம் குரோமியம் உண்டு, எனவே ஆலைக்குச் சம்பந்தமில்லாத ஒரு இடத்திலும் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு விற்பவர் "அது பாறையிலிருந்து வந்தது" என்பார்.

இப்போது மழைக்காலம், நீர் மேலே நிற்கும். மே மாதம் ஒருமுறை மறுபடி எடுங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்காது.

மூன்றாம்தளம் | ஜனவரி 18, இரவு 8:20

முடிவு வந்துவிட்டது. துளை போட்ட நாளை மட்டும் சொல்கிறேன்.

ஒன்பது இடம். சுண்ணாம்புக் குழிப் பக்கம் சவுடைத் தாண்டியதும் சாம்பல் நிறச் சேறு, அழுகிய முட்டை நாற்றம். ரிக் பையன் மூக்கைப் பொத்திக்கொண்டான். வடக்கு மதில் துளையில் மண் பச்சையும் மஞ்சளுமாக வந்தது. அங்கே ஊறிய தண்ணீரைச் சின்னக் குப்பியில் எடுத்து, கன்சல்டன்ட் கொஞ்சம் அமிலமும் ஏதோ ஒரு மருந்தும் சொட்டினார். நொடியில் நாவல்பழ நிறம். எனக்கு வேதியியல் தெரியாது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

ஆய்வகத்து எண்களும் அதையே சொன்னன. குடிநீருக்கு லிட்டருக்கு 0.05 மி.கி.தான் குரோமிய வரம்பு. வடக்கு மதில் துளைத் தண்ணீரில் பல மடங்கு. ஆனால் நான் பயந்த மாதிரி நிலம் முழுக்க இல்லை. ஆபீஸ், டிரம் இருந்த பக்கம் பரவாயில்லை. காய்ச்சும் ஷெட், மூடிய கிணறு, இரண்டுக்கும் நடுவே ஒரு பட்டை, அங்கேதான் சிக்கல். பெரியவர் இல்லாமல் பத்து மாதிரியைக் கட்டம் போட்டு எடுத்திருந்தால் அந்தப் பட்டை தப்பித்திருக்கவும் வாய்ப்புண்டு என்று கன்சல்டன்ட்டே சொன்னார்.

அடித்தளக் கார் நிறுத்தத்தைக் கைவிட்டோம். 3,000 சதுர மீட்டரை மூன்றரை மீட்டர் தோண்டினால் 10,500 கன மீட்டர் மண். ஒரு டிப்பருக்குப் பத்து என்று வைத்தாலும் ஆயிரம் நடை. அதில் எது சவுடு, எது விஷம் என்று பிரித்தாக வேண்டும். விஷத்தைக் கும்மிடிப்பூண்டியில் இருக்கும் அபாயக் கழிவுக் கிடங்குக்கு அனுப்ப வேண்டும். அதோடு தோண்டும்போது நீரை இறைத்து மழைநீர் வடிகாலில் விட்டால் அந்த மஞ்சள் நேராக ஊருக்குள் போகும். எனவே தரைத்தளம் தூண்கள் மட்டும், கார்கள் அங்கே.

விற்பவரிடம் அறிக்கையைக் காட்டி விலை பேசியிருக்கிறோம். ஷெட், கிணறு இரண்டையும் அவர்கள் செலவில் சுத்தம் செய்து, மறுபடி சோதித்த பிறகுதான் கிரயம். அவர்களுக்கு இன்னொரு ஆள் கிடைத்திருப்பதாகத் தரகர் சொல்கிறார். நிஜமா, பயமுறுத்தலா தெரியவில்லை.

தீர்ப்பாயவாசி | ஜனவரி 18, இரவு 9:10

இருக்கலாம். ஆனால் இப்போது அவர்களுக்கு எழுத்தில் தெரிந்துவிட்டது. அடுத்த ஆளிடம் "தெரியாது" என்று சொல்ல முடியாது. அறிக்கை அனுப்பியதற்கு ஒப்புகை வாங்கி வையுங்கள்.

நாகல்கேணிப்பையன் | ஜனவரி 18, இரவு 9:52

அண்ணா, உங்கள் பேரம் எப்படியாவது போகட்டும். அந்தத் தண்ணீர் மதிலோடு நிற்காதே. வடக்கு மதிலுக்கு அந்தப் பக்கம் இருபது வீடு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குச் சொல்ல மாட்டீர்களா?

தீர்ப்பாயவாசி | ஜனவரி 18, இரவு 10:15

நிலம் இன்னும் அவருடையதில்லை. கன்சல்டன்ட்டோடு ரகசிய ஒப்பந்தம் இருந்தால் அதையும் பார்க்க வேண்டும். அவசரப்பட வேண்டாம் என்பது என் ஆலோசனை.

மண்ணும்நீரும் | ஜனவரி 18, இரவு 10:37

வக்கீல் சாரோடு இதில் ஒத்துப்போக மாட்டேன். அக்கம்பக்கத்துப் போர்த் தண்ணீர் சம்பந்தப்பட்டால் நான் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடுவதில்லை. போடும் முன்னாலேயே அந்த விதிவிலக்கை எழுதச் சொல்வேன். அடுத்த முறை ஆள் பிடிக்கும்போது இதையும் கேளுங்கள். இப்போதைக்கு அந்த இருபது வீட்டுப் போரையும் மே மாதச் சுற்றில் சேர்க்கச் சொல்லலாம். மாதிரி எடுக்க அவர்கள் சம்மதம் போதும், விற்பவர் சம்மதம் தேவையில்லை.

மூன்றாம்தளம் | ஜனவரி 19, காலை 6:30

இரவெல்லாம் யோசித்தேன். மே வரைக்கும் காத்திருக்கவில்லை. அந்த வீடுகளில் மாதிரி எடுக்கக் கன்சல்டன்ட்டிடம் இன்று பேசுகிறேன், செலவு என்னுடையது. பையனின் அப்பாவும் வருகிறேன் என்றார். அவர் சொன்னால் கதவு திறப்பார்கள். முடிவு அவரவர் வீட்டுக்கே போகும். அவர்கள் வாரியத்துக்குக் கொடுத்தால் நான் தடுக்க முடியாது, தடுக்கவும் மாட்டேன். பேரம் உடைந்தால் உடையட்டும்.

இன்னொரு சின்னக் கேள்வி. துளை போட்டு வந்த அந்தப் பச்சை மண் இன்னும் மதில் ஓரத்தில் குவியலாகக் கிடக்கிறது. வாட்ச்மேன் அதை அள்ளிப் பள்ளத்தை நிரப்பவா என்று கேட்கிறார்.

ஆய்வகத்து_ஆசாமி | ஜனவரி 19, காலை 6:41

ஐயோ, வேண்டாம். மூடியோடு பிளாஸ்டிக் டிரம் வாங்கி அதில் போட்டு, எந்தத் துளை, எந்தத் தேதி என்று மேலே எழுதி, கூரைக்குக் கீழே வையுங்கள். வாட்ச்மேனுக்குக் கையுறை கொடுங்கள். அப்படியே அந்தக் குவியல் இருந்த இடத்து மண்ணையும் ஒரு சாண் சுரண்டி அதே டிரம்மில் சேருங்கள். நடுவில் மழை பெய்ததே.